உங்கள் ஷாட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? கதாபாத்திர அனிமேஷன் கற்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன் படிக்க விரும்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதைத்தான். பெற்றோர் கேட்பது சான்றிதழைப் பற்றி. இரண்டும் தேவையில்லாத கேள்விகள் அல்ல. ஆனால் இவ்விரண்டை மட்டும் வைத்து முடிவெடுத்த குடும்பங்கள் சில லட்சங்களையும் பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகளையும் பயனில்லாத இடத்தில் கொட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சேருவதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: நான் செய்யும் ஷாட்டை வாரத்துக்கு எத்தனை முறை, யார் பார்ப்பார்கள்? அவர் சொன்னதைத் திருத்திக்கொண்டு போனால் மறுபடியும் பார்ப்பாரா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். தரையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை ஒரு பெண் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு அடி நடக்கிறாள். ஐந்து விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) என்ற கணக்கில் 120 ஃபிரேம். புதிதாகக் கற்பவர் செய்தால் பெரும்பாலும் கைதான் குடத்தைத் தூக்கும். முதுகு வளைந்து நிமிரும், கை மேலே வரும், குடம் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும். ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும். எது சரியில்லை என்று செய்தவருக்கே தெரியாது. உடனே விரல்களைத் திருத்துவார், தலைமுடியை அசைப்பார், முகத்தில் வேர்வையைச் சேர்ப்பார்.

அனுபவமுள்ள அனிமேட்டர் கையைப் பார்க்கவே மாட்டார். இடுப்பைப் பார்ப்பார், பாதத்தைப் பார்ப்பார். குடம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே உடலின் எடை ஒரு காலுக்கு மாறியிருக்க வேண்டும். தூக்குவதற்கு முன் உடல் சற்றுக் கீழே இறங்கி முயற்சியைத் திரட்ட வேண்டும். முதலில் இடுப்பு, பிறகு மார்பு, பிறகு தோள், கடைசியில் கை என்று விசை வரிசையாக ஏற வேண்டும். குடம் இடுப்பில் உட்கார்ந்ததும் மேலுடல் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். மறு கை விலகிச் சமன் செய்ய வேண்டும். உள்ளே தண்ணீர் தளும்புவது சில ஃபிரேம்கள் கழித்து உடலை ஒருமுறை உலுக்க வேண்டும். இதையெல்லாம் அவர் சொற்பொழிவாகச் சொல்வதில்லை. 38ஆவது ஃபிரேமில் நிறுத்தி, திரையின் மேலேயே ஒரு கோடு போட்டு, "இடுப்பு இன்னும் இரண்டு கால்களுக்கும் நடுவில் நிற்கிறது, இந்தப் பக்கம் வா" என்பார். அந்த ஒரு கோடு நூறு பாடக் காணொளிகளுக்குச் சமம்.

விதிகளெல்லாம் எழுதப்பட்டவைதான். டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் 12 அடிப்படைக் கொள்கைகள் விளக்கப்பட்டுவிட்டன. இணையத்தில் அவற்றை இலவசமாகவே படிக்கலாம். ஆனால் விதியை அறிந்திருப்பது ஒரு திறன். தன் ஷாட்டில் அது எங்கே மீறப்பட்டிருக்கிறது என்று காண்பது முற்றிலும் வேறொரு திறன். இரண்டாவது திறனைப் புத்தகம் தராது. அது உள்ளவர் நம் வேலையைப் பார்த்துச் சுட்டச் சுட்டத்தான் நம் கண்ணுக்கும் வரும்.

இந்தக் கலை பரவிய வரலாறும் இதையே சொல்கிறது. டிஸ்னியின் முதல் தலைமுறை ஓய்வுபெறத் தொடங்கிய 1970களில், எரிக் லார்சன் என்ற மூத்த அனிமேட்டரிடம்தான் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு தரப்பட்டது. அவரிடம் பயின்ற கிளென் கீன் பின்னாளில் அந்த ஸ்டுடியோவின் பெரும் பெயர்களில் ஒருவரானார். லண்டனில் ஏற்கெனவே பெயரும் விருதும் பெற்றிருந்த ரிச்சர்ட் வில்லியம்ஸ், 1973இல் ஆர்ட் பேபிட் என்ற பழைய டிஸ்னி அனிமேட்டரை வரவழைத்துத் தன் ஸ்டுடியோவுக்கே பாடம் எடுக்கச் சொன்னார். தானும் உட்கார்ந்து கேட்டார். நம் நாட்டிலும் 1956இல் டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் மும்பையின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் பிரிவினருக்குப் பயிற்சி தந்தார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அழைக்கப்படும் ராம் மோகன் அந்தப் பயிற்சியில் உருவானவர்தான்.

ஆக, யாரிடம், எவ்வளவு நெருக்கமாக என்பதே அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று நமக்குத் திறந்திருக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

கல்லூரியும் பயிற்சி நிறுவனமும்

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி போன்ற இடங்களில் இடம் கிடைத்தால் தயங்க வேண்டாம் என்பேன். அங்கே கிடைப்பது அனிமேஷன் மட்டுமல்ல. வரையும் பழக்கம், கதை சொல்லும் முறை, ஒரு குறும்படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தூக்கிச் சுமக்கும் அனுபவம், கூடவே பத்து ஆண்டுகள் கழித்தும் தொலைபேசியில் அழைக்கக்கூடிய நண்பர்கள். பட்டம் என்பதும் அற்பமல்ல. வெளிநாட்டு ஸ்டுடியோ ஒன்று உங்களை எடுக்க முன்வந்தாலும், அமெரிக்காவின் எச்1பி போன்ற விசாக்களுக்குப் பட்டமோ அதற்கு நிகரான தகுதியோ கேட்பார்கள். இருபது வயதில் இதை யாரும் யோசிப்பதில்லை. முப்பதில் கதவு மூடும்போது தெரியும்.

ஆனால் நம் அளவுகோலில் கல்லூரி கொஞ்சம் பின்தங்கித்தான் நிற்கிறது. பாடத்திட்டம் பரந்தது. அதில் கதாபாத்திர அனிமேஷனுக்குக் கிடைப்பது ஒரு பகுதி. அதிலும் இன்று ஸ்டுடியோவில் ஷாட் செய்துகொண்டிருப்பவர் வந்து உங்கள் வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நாள் பயிலரங்குகளில்தான்.

விதிவிலக்குகள் உண்டு. கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் 1975இல் கதாபாத்திர அனிமேஷனுக்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கியபோது பாடம் நடத்தியவர்களில் டிஸ்னியின் மூத்தவர்கள் இருந்தார்கள். ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட், ஜான் மஸ்கர் எல்லாரும் அந்த முதல் வகுப்புகளின் மாணவர்கள். பாரிஸின் கோப்லான் பள்ளியும் அத்தகையதே. இவை கனவு காணத் தகுந்த இடங்கள்தான். ஆனால் கால்ஆர்ட்ஸின் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். உதவித்தொகை இல்லாமல் வீட்டை அடகு வைத்துப் போக வேண்டிய தொழில் இதுவல்ல. தொடக்கச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது.

ஊருக்கு ஊர் இருக்கும் தனியார் பயிற்சி நிறுவனங்களைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை போதும். பாடம் நடத்தப் போகிறவரின் பெயரைக் கேளுங்கள். அவருடைய ரீலை, அதாவது அவர் செய்த நல்ல ஷாட்டுகளின் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர்ப் பலகை, குளிரூட்டிய அறை, வேலை உறுதி என்னும் துண்டறிக்கை எதுவும் உங்களுக்கு நடை சொல்லித் தராது. சென்ற ஆண்டு அதே நிறுவனத்தில் படித்து முடித்தவரே இந்த ஆண்டின் ஆசிரியர் என்றால் எழுந்து வந்துவிடலாம். மாறாக, பத்து ஆண்டு ஸ்டுடியோவில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர் ஓர் சிறிய அறையில் எட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறார் என்றால் அங்கே போய் உட்காருங்கள். மதுரையிலும் கோவையிலும்கூட இப்படிப்பட்டவர்கள் தேடினால் கிடைப்பார்கள்.

இணைய வழி வகுப்புகள்

2005இல் பாபி பெக், ஷான் கெல்லி, கார்லோஸ் பயனா என்ற மூன்று அனிமேட்டர்கள் அனிமேஷன் மென்டார் பள்ளியைத் தொடங்கியபோது, பிக்சார், ஐ.எல்.எம். போன்ற பெரிய அமெரிக்க ஸ்டுடியோக்களில் வேலை செய்பவரிடம் வீட்டிலிருந்தபடியே கற்கலாம் என்பது புதிய செய்தி. அதன் பிறகு ஐஅனிமேட், அனிம்ஸ்கூல் என்று பலவும் வந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாம் ஒரே முறையில்தான் இயங்குகின்றன. ஒரு பருவம் சுமார் மூன்று மாதம். வாரம் ஒரு பாடம், ஒரு பயிற்சி. நீங்கள் ஷாட்டைப் பதிவேற்றுவீர்கள். வழிகாட்டி அதன் மேல் வரைந்து, பேசி, காணொளியாகத் திருப்பி அனுப்புவார் அல்லது நேரலை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் பார்ப்பார். முதல் பருவத்தில் பந்து, ஊசல், எளிய நடை. பிறகு உடல் இயக்கம். அதன் பிறகு முகமும் வசன உச்சரிப்பும் நடிப்பும்.

நம் கேள்விக்கு மிக நேரான பதில் தருவது இந்த வழிதான். வாரம் ஒருமுறை, தொழிலில் இருப்பவர், உங்கள் ஷாட்டை, தொடர்ந்து பார்க்கிறார். மற்ற மாணவர்களின் ஷாட்டுக்கு அவர் சொல்வதையும் கேட்கிறீர்கள். இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. தன் ஷாட்டில் பிழை காண முடியாதவருக்கும் அடுத்தவர் ஷாட்டில் அது பளிச்சென்று தெரியும். வாரக்கணக்கில் அப்படிப் பார்த்துப் பழகிய கண் மெல்லத் தன் வேலையின் மேலும் திரும்பும். ஆகவே தனக்கான பத்து நிமிடம் முடிந்ததும் வகுப்பை விட்டு வெளியேறுபவர் கட்டிய கட்டணத்தில் பெரும்பகுதியை விட்டுவிட்டுப் போகிறார்.

குறைகளும் உண்மையானவை. முழுப் படிப்பையும் முடிக்கப் பல லட்சம் ரூபாய் ஆகும். கலிஃபோர்னியாவில் மாலை 7 மணி வகுப்பு நமக்கு மறுநாள் காலை 7.30, அங்கே குளிர்காலம் என்றால் 8.30. வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கான வகுப்பு அல்ல அது. ஆங்கிலம் இன்னொரு சுவர். தமிழ் வழியில் படித்து வந்த, கையில் நல்ல திறமை உள்ள பலர் அங்கே கேள்வியே கேட்காமல் மூன்று மாதத்தைக் கழிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வேன்: இலக்கணம் பார்க்காமல் கேளுங்கள், ஃபிரேம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "62இல் முழங்கால் துள்ளுகிறது, ஏன்?" என்ற அளவு ஆங்கிலம் போதும். அனிமேட்டர்கள் அப்படித்தான் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்கிறார்கள்.

நடிப்பு ஷாட்டுகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. எடையும் சமநிலையும் எந்த ஊரிலும் ஒன்றுதான். குடத்தையே பார்த்திராத வழிகாட்டியும் குடத்தின் பாரத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார். ஆனால் நம் பாட்டி "சரி சரி" என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை அவர் மறுப்பு என்று படித்துவிடக்கூடும். மாமனார் உள்ளே வரும்போது மருமகன் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று பாதி எழும்பும் அந்த உடல்மொழி அவருக்குக் குழப்பமாக இருக்கும். அதற்காக அதை மாற்றிவிடாதீர்கள். அசைவைப் பார்த்துச் செய்வதற்காக நீங்கள் எடுத்த ரெஃபரன்ஸ் காணொளியைக் காட்டி விளக்குங்கள். நல்ல வழிகாட்டி அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, அந்த அசைவு இன்னும் தெளிவாகத் தெரிய என்ன செய்யலாம் என்று சொல்வார். அமெரிக்கச் சிறுவனின் தோள் குலுக்கலை மட்டுமே நகலெடுக்கும் ரீல்கள் நம்மிடமிருந்து ஏராளமாகப் போகின்றன. நாம் கண்டு வளர்ந்த மனிதர்களின் உடல் நம் ரீலில் இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஸ்டுடியோவுக்குள் நேராக

சம்பளமும் தந்து, தினமும் உங்கள் ஷாட்டைப் பார்க்கவும் செய்கிற ஒரே இடம் ஸ்டுடியோ. காலையில் டெய்லீஸ் என்னும் அன்றாட ஷாட் பார்வை, நடுவில் குழுத் தலைவரான லீட் வந்து பின்னால் நிற்பது, மாலையில் திருத்தம். கண் படும் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டால் இதற்கு நிகர் எதுவுமில்லை. சொன்னதைத் திருத்தாமல் விட முடியாது என்பதும் இதன் வலிமை. பள்ளியில் மதிப்பெண் குறையும். இங்கே ஷாட் அங்கீகாரம் பெறாமல் திரும்பத் திரும்ப உங்களிடமே வரும்.

ஆனால் எந்த ஸ்டுடியோ என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் செய்யும் இடத்தில் நாளொன்றுக்கு முடிக்க வேண்டிய விநாடிகள் அதிகம். நேரத்துக்குள் முடிக்கவும், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுக்கவும் அங்கே கற்றுக்கொள்வீர்கள். அது அரிய திறன்தான். ஆனால் ஒரே ஷாட்டில் மூன்று வாரம் மூழ்கும் வாய்ப்பு இராது. திரைப்படக் காட்சி விளைவுகள் செய்யும் இடங்களில் விலங்குகளும் டிஜிட்டல் உருவங்களும் வரும். மோஷன் கேப்சர் வேலை என்றால் நடிகரின் உடலிலிருந்து பதிவான அசைவைச் சுத்தம் செய்வதே பெரும்பகுதியாக இருக்கும். 2014இல் வந்த கோச்சடையான் அந்த முறையில் உருவானது. தமிழ்நாட்டில் பலர் இத்தொழிலைக் கேள்விப்பட்டதே அதன் மூலம்தான். அசைவைத் திருத்துவதும் வெற்றுத் திரையிலிருந்து அசைவை உருவாக்குவதும் வெவ்வேறு தசைகளை வளர்க்கின்றன. வேலையில் சேரும் முன்பே எந்த வேலை என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னும் இரண்டு. பயிற்சிக் காலத்தை ஒட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இத்தனை ஆண்டு விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படியுங்கள். அடுத்து, ஸ்டுடியோ நிலையானது என்ற நம்பிக்கை. "லைஃப் ஆஃப் பை" படத்தில் புலியை உயிரோடு நிறுத்திய ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டுடியோ, 2013 பிப்ரவரியில் அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைப்பதற்குச் சில நாட்களுக்கு முன் திவாலானது. அதற்கு இந்தியாவிலும் கிளைகள் இருந்தன. 2025 பிப்ரவரியில் காட்சி விளைவுகள் செய்யும் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெரும்பாலும் பெங்களூருவில் இருந்த சுமார் 3,000 இந்திய ஊழியர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். தாங்கள் செய்த ஷாட்டுகளைப் படம் வெளியாகும் வரை ரீலில் போட முடியாத நிலையில், காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் தெருவுக்கு வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதும் ஆண்டுக்கு ஒரு சொந்த ஷாட்டாவது செய்து வையுங்கள் என்று என்னிடம் வரும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

தனியாகப் பழகி, தனியாகக் கேட்டு

பணம் குறைவாக இருப்பவர்களுக்கான வழி என்று இதைத் தாழ்வாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம். அசைக்கத் தயாராக அமைத்த உருவங்களான நல்ல ரிக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவு செய்த பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றோடு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஷாட்டைப் பார்த்துச் சொல்லும் அனிமேட்டர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள நம்மவர்களிடம் கேட்டால் தமிழிலேயே சொல்வார்கள். தாய்மொழியில் கேட்கும் விமர்சனம் இறங்கும் ஆழம் தனி. "கால் ஊணல" என்று ஒருவர் சொன்னால் உடம்புக்கே புரிந்துவிடுகிறது.

இதில் விழக்கூடிய குழி ஒன்றுதான்: பலரிடம் கேட்பது. ஒருவர் வேகத்தைக் கூட்டச் சொல்வார், இன்னொருவர் குறைக்கச் சொல்வார். இருவரும் தங்கள் பாணியில் சரியாகவே சொல்லியிருப்பார்கள். ஷாட் நடுவில் செத்துப்போகும். ஒரு ஷாட்டுக்கு ஒரே ஆள். முக்கிய நிலைகளை மட்டும் வைக்கும் பிளாக்கிங் நிலையில் ஒருமுறை, இடைப்பட்ட அசைவைத் தொடர்ச்சியாக்கும் ஸ்ப்ளைன் ஆக்கியதும் ஒருமுறை, கடைசி மெருகுக்கு முன் ஒருமுறை. மூன்று முறையும் அவரே. பிளாக்கிங்கிலேயே காட்டாமல், எல்லாவற்றையும் மெருகேற்றிவிட்டுக் கொண்டுபோவது பணத்தை வீணாக்குவது. அந்த நிலையில் இடுப்பு தவறு என்று அவர் சொன்னால் முழுவதையும் கலைக்க வேண்டும். கலைக்க மனம் வராது.

என்னுடைய தேர்வு

ஒரே வழியை எடுத்து அதிலேயே கடைசி வரை போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. யாராக இருந்தாலும் முதல் மூன்று மாதத்துக்கு எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பிளெண்டரைத் திறந்து பந்தைக் குதிக்க வைத்து, ஒரு நடையைச் செய்து, அதே நடையைக் கலைத்து மறுபடி செய்யுங்கள். நான்காவது முறை திருத்தும்போதும் உள்ளே ஆர்வம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே படியுங்கள்.

பதினெட்டு வயதில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தவர் கல்லூரிக்கே போகட்டும். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் உடல் இயக்கத்துக்கு மட்டும் ஓர் இணையப் பருவம் படித்தால் போதும். பொறியியல் முடித்து, வேலையில் இருந்துகொண்டே இத்தொழிலுக்கு மாற நினைக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு இன்னொரு பட்டம் தேவையில்லை. தனிப் பயிற்சியில் தொடங்கி, தமிழில் விமர்சனம் கேட்டு, ஒன்றிரண்டு இணையப் பருவங்களோடு ரீலை முடித்து ஸ்டுடியோவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே தொடர் அனிமேஷனில் இருப்பவர் அடிப்படைப் பருவங்களைத் தாண்டி நேராக நடிப்புப் பருவத்தில் சேரக் கேட்கலாம். ரீலைப் பார்த்துவிட்டுப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன.

முழுப் படிப்புக்கும் ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்று எந்தப் பள்ளி சொன்னாலும் அதை ஏற்க வேண்டாம். முதல் பருவத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டுவதற்கு முன், பழைய மாணவர் ஒருவரின் ஷாட்டை முதல் பிளாக்கிங்கிலிருந்து இறுதி வடிவம் வரை, நடுவில் வழிகாட்டி கொடுத்த குறிப்புகளோடு காட்டச் சொல்லிக் கேளுங்கள். முடிந்த ரீலை எல்லாரும் காட்டுவார்கள். நடுவில் இருக்கும் குறிப்புகளைக் காட்டத் தயாராக இருக்கும் இடத்தில் சேருங்கள்.